பதம் பார்த்தவர்கள்

புல்லை ஆராய்கிற இடத்தில் யாருக்கு என்ன பெரிய காயம் பட்டுவிடப் போகிறது என்று நம்பித்தான் கம்பவுண்டர் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டார். அதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் இருந்தார். லாரியில் அடிபட்டவன், சாரத்திலிருந்து விழுந்தவன், பங்காளிச் சண்டையில் மண்டை பிளந்தவன் என்று தைத்துத் தைத்து, கண்ணை மூடினாலும் சிவப்பாகத் தெரிகிற நிலைமைக்கு வந்திருந்தார்.

"இனிமேயாவது கொஞ்சம் பச்சையப் பாருங்க," என்றாள் மனைவி.

அவளுடைய தம்பி அந்தப் புல் ஆய்வு நிலையத்தில் இளநிலை ஆய்வாளன். முதலுதவி அறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று வந்து சொன்னவன் அவன்தான். பெற்றவர்கள் போனபின் அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். தம்பி படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் அவளுக்குத் தன் கையால் கட்டிய வீடு மாதிரி. "அவனுக்குச் சூதுவாது தெரியாதுங்க. பக்கத்துல இருந்து பாத்துக்கங்க," என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை. இது என்ன பெரிய விஷயம் என்று கம்பவுண்டர் தலையாட்டினார்.

நிலையம் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கேட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகப் புல். நடுவில் சிமெண்டுப் பாதை. பாதையின் முடிவில் எதிரும் புதிருமாக, அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு கட்டடங்கள். ஒன்றை ஒன்று பார்க்கும் ஜன்னல்களுக்கு மட்டும் கனமான இரும்பு வலை அடித்திருந்தது. மற்ற ஜன்னல்களில் இல்லை. கொசுவுக்கு என்றால் எல்லா ஜன்னலுக்கும் அல்லவா அடிக்க வேண்டும் என்று கம்பவுண்டர் யோசித்தார்.

முதலுதவி அறையின் அலமாரியைத் திறந்தார். தலைவலித் தைலமும் இரண்டு பஞ்சுருண்டையும் இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு மயக்கமே வந்துவிட்டது. மாவுக்கட்டு மூட்டை மூட்டையாக இருந்தது. தையல் நூல் கண்டு கண்டாக இருந்தது. கை உடைந்தால் வைத்துக் கட்டுகிற பலகைகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன.

"இதுக்கு முன்னாடி இருந்த கம்பவுண்டர் எங்கப்பா?" என்று பியூனைக் கேட்டார்.

"அவரா? கூட்டத்துல யாரோ ஏதோ சொன்னதுக்குத் தலையாட்டிட்டாரு சார்."

"தலையாட்டினா என்ன?"

"ஒரு பக்கமா ஆட்டிட்டாரு," என்று சொல்லிவிட்டு பியூன் போய்விட்டான்.

அன்றைக்கே முதல் நோயாளி வந்தார். நடுவயது மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா, இடது காதில் மேல்பாதி இல்லை. பாதி இல்லாததைப் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

"என்ன கடிச்சுது? நாயா?"

"இல்லீங்க. முதுநிலை ஆய்வாளர்."

கம்பவுண்டர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வந்தவர் புதிய ஆளுக்குப் பாடம் எடுக்கும் பொறுமையோடு விளக்கினார். "புல்லை அறுத்தா திரும்ப முளைக்குது இல்லையா? அப்படி முளைச்சதை எத்தனை நாள் விட்டு மறுபடி அறுக்கணும்? அதாங்க கேள்வி. இந்த நிலையமே அதுக்குத்தான். நாங்க முத்தல் பிரிவு. நல்லா வளர விடணுங்கிறோம். தண்டு தடிக்கும், எடை நிக்கும், வண்டி வண்டியா வரும். எதிர்க் கட்டடத்துல இருக்கானுங்களே, இளசுப் பிரிவு, அவனுங்க மூணு வாரத்துலயே அறுத்துடணுங்கிறானுங்க. இலை மெத்துனு இருக்குமாம், புரதம் இருக்குமாம். புரதம்! எடையே இல்லாத புல்லுல புரதம் இருந்து என்னங்க பிரயோஜனம்? மாடு என்ன மாத்திரையா முழுங்குது?"

"அது சரி. காது?"

"உன் புல்லு மாட்டுக்குப் பல்லு குத்தக்கூட ஆகாதுன்னேன். இளசுன்னா எப்படி இருக்கும்னு தெரியுமான்னு கேட்டுட்டுக் கடிச்சான். ஆ! மெதுவா சார். யாராவது வெளியாளுங்க கேட்டா, புல்லு கிழிச்சிடுச்சுன்னு சொல்லுங்க. இங்க அப்படித்தான் சொல்றது வழக்கம்."

சற்று நேரத்தில் கடித்தவரும் வந்தார். முன்பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. "முத்தல் காது சார்," என்றார் வாயைக் கொப்பளித்துக்கொண்டே. "நார் ஜாஸ்தி."

முதல் மாத ஆய்வுக் கூட்டத்துக்குக் கம்பவுண்டர் பெட்டியோடு வர வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. அரங்கத்தின் வாசலில் ஒரு பெரிய தகரப் பீப்பாய். "அரிவாள், கவைக்கோல், மண்வெட்டி ஆகியவற்றை இதில் போட்டுவிட்டு உள்ளே செல்லவும்" என்று அதன்மேல் எழுதியிருந்தது. எல்லோரும் வரிசையில் நின்று, கோயில் வாசலில் செருப்பு விடுவதுபோல் அமைதியாகப் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு. முத்தல் பிரிவின் தலைவி, எல்லோரும் முத்தலம்மா என்று கூப்பிடும் கனத்த பெண்மணி, எடைக்கற்களை உள்ளே கொண்டுபோகலாம். எடை அவர்கள் பிரிவின் கருவி. இளசுப் பிரிவின் தலைவர், கிசுகிசுப்பான குரலில் பேசும் குச்சி மனிதர், இலை நறுக்கும் சின்னக் கத்தியை வைத்துக்கொள்ளலாம்.

மேடையில் இயக்குநர் இருந்தார். அவரைச் சுற்றி இடுப்புயரத்துக்குத் தடுப்புப் பலகை. மடிப்புக் கலையாத சட்டை, குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். அந்த நிலையத்தில் உடம்பில் ஒரு தழும்புகூட இல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

"நண்பர்களே," என்று தொடங்கினார். "அரசாங்கம் நம்மைக் கேட்கிறது, பால்பண்ணைகள் கேட்கின்றன, புல்லை எப்போது அறுப்பது என்று. நாற்பது ஆண்டுகளாக இதே கேள்விதான். எனக்கு முன்பிருந்த இயக்குநர் இதற்குப் பதில் சொல்லாமலே ஓய்வு பெற்றார். அவருக்கு முன்பிருந்தவரும் பதில் சொல்லாமலே ஓய்வு பெற்றார். அந்தப் பாரம்பரியம் இன்று என் தோளில் இருக்கிறது. பதிலைச் சொல்லிவிட்டால் நாளைக்கு நம்மிடம் யார் வருவார்கள்? மாடா வரும்? ஆகவே கருத்து வேறுபாட்டை வளர்ப்போம். போன மாதம் மூன்றே மூன்று எலும்புகள்தான் உடைந்தன என்று அறிகிறேன். ஆர்வம் குறைகிறதோ என்று எனக்கு உள்ளபடியே கவலையாக இருக்கிறது. இப்போது இரு பிரிவினரும் தங்கள் வாதத்தை முன்வைக்கலாம்."

முத்தலம்மா எழுந்தார். தன் வாதத்தைக் கையில் எடுத்தார். அது ஐந்து கிலோ இருக்கும். குறி பார்த்து வீசியதில் அது குச்சி மனிதரின் முழங்காலைப் பதம் பார்த்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. அவர் விழுந்தபடியே கையை வீசினார். சின்னக் கத்தி முத்தலம்மாவின் கன்னத்தில் காதோரம் தொடங்கி உதட்டோரம் வரை ஒரு கோடு போட்டது. அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கம்பவுண்டரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாற்காலிகள் பறந்தன. பாதிக் காது மனிதர், எதிர்ப் பிரிவுக்காரன் ஒருவனுடைய விரலைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டே "உலர் எடை எவ்வளவு? சொல்லு! உலர் எடை எவ்வளவு?" என்று கேட்டார். அவன் "நார்... நார்ச்சத்து..." என்று அலறிக்கொண்டே அவர் கண்ணைத் தோண்டப் பார்த்தான். யாரோ பீப்பாயைக் கவிழ்த்து ஒரு கவைக்கோலை எடுத்து வந்தார்கள். அது ஒருவனுடைய பாதத்தைத் தரையோடு சேர்த்துக் குத்தி நின்றது. ரத்தம் நாற்காலிக் கால்களுக்கிடையில் ஓடிக் கம்பவுண்டரின் செருப்பை நனைத்தது. இயக்குநர் மேடையிலிருந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். தேநீர் வந்தது.

"சார், போலீசுக்குச் சொல்லிடலாமா?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

"போலீசா? எதுக்கு?" இயக்குநருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது கருத்துப் பரிமாற்றம் அல்லவா?"

இரண்டு தலைவர்களையும் ஒரே நேரத்தில் முதலுதவி அறைக்குத் தூக்கி வந்தார்கள். யாருக்கு முதலில் கட்டுவது என்று இரண்டு பக்கத்து ஆட்களும் முறைத்தார்கள். கம்பவுண்டர் பழைய ஆஸ்பத்திரி நினைப்பில், "ரத்தம் யாருக்கு ஜாஸ்தி போகுதோ அவங்களுக்கு முதல்ல," என்றார்.

"பாத்தீங்களா!" என்று முத்தலம்மா கிழிந்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "கம்பவுண்டரே சொல்லிட்டாரு. அளவுதான் முக்கியம்!"

"ரத்தத்துல அளவா பாக்குறது?" என்று குச்சி மனிதர் கிசுகிசுத்தார். "தரம் பாக்க வேணாமா?"

அவருடைய ஆட்கள் கம்பவுண்டரை அடித்தார்கள். உடனே அவர், சரி, தரமும் பார்க்கலாம் என்று சொன்னதற்கு முத்தலம்மாவின் ஆட்கள் அடித்தார்கள். கடைசியில் ஒரு கையால் கன்னத்தைத் தைத்துக்கொண்டே இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய உதட்டிலிருந்து வடிந்த ரத்தம் இரண்டு பேர் மேலும் பாரபட்சமில்லாமல் சொட்டியது.

"என்னங்க இது?" என்று வீட்டில் மனைவி அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புல்லு ஆபீசா, இல்ல பட்டாளமா?"

"ஆபீஸ்தான்."

"தம்பி?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. புல்லைக் காயவெச்சு எடை பாக்குற கொட்டகையில இருக்கான். ரெண்டு பக்கத்துக்கும் பொது."

அது உண்மைதான். இரண்டு பிரிவும் கொண்டுவரும் புல்லைக் கதவு வைத்த இரும்பு அடுப்பில் காயவைத்து, நிறுத்து, உள்ளே என்ன சத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. நல்ல பையன். கொட்டகைக்குப் பின்னால் யாரும் கவனிக்காத ஒரு துண்டு நிலத்தில் தானே புல் போட்டிருந்தான். பக்கத்துத் தொழுவத்தில் நாலைந்து மாடுகள் கட்டியிருந்தன. இளசா முத்தலா, எதைத் தின்றால் தேவலை என்று அவைதான் சொல்ல வேண்டும். ஆனால் சண்டை மும்முரத்தில் யாரும் அவற்றிடம் கேட்டதில்லை. அந்த வளாகத்தில் யாரையும் முட்டாமல் இருந்தது அவை மட்டும்தான்.

ஒருநாள் மைத்துனன் கண்கள் பளபளக்க முதலுதவி அறைக்கு ஓடி வந்தான்.

"மாமா, ரெண்டு பேரும் பொய் சொல்லல மாமா! அதான் வேடிக்கையே. புல்லு முத்த முத்த எடை ஏறுது, சத்து இறங்குது. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா நடுவுல ஒரு இடத்துல உச்சிக்குப் போயிட்டுக் கீழே வருது. அஞ்சாறு வாரம். அதான் பதம். அப்ப அறுத்தா மாட்டுக்கு வயிறும் நிறையும், பாலும் கிடைக்கும். எல்லா வயசுலயும் அறுத்துப் பாத்துட்டேன்."

கம்பவுண்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மாமா. ஆண்டு மாநாட்டுல சொல்லப் போறேன்."

"ஏன் தம்பி, வீட்ல ஏதாவது மனக் கஷ்டமா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு. இந்த மாதிரி முடிவெல்லாம் எடுக்கக் கூடாது."

அவன் சிரித்தான். அவ்வளவு வெள்ளையான சிரிப்பை அந்த நிலையத்தில் கம்பவுண்டர் பார்த்ததில்லை. அங்கே பெரும்பாலோருக்கு அதற்கான பற்கள் இல்லை.

மாநாட்டில் அவன் எழுந்து நின்று, திரையில் ஒரு கோடு வரைந்து காட்டினான். ஏறி இறங்குகிற கோடு. உச்சியில் கையை வைத்து, "இதுதான் பதம். நடுவுல அறுத்தா போதும். சண்டைக்கே வேலை இல்லை," என்றான்.

முத்தலம்மா தலையைத் திருப்பி எதிர்ப் பக்கம் பார்த்தார். குச்சி மனிதர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி அவரைப் பார்த்தார். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் வெறுப்பில்லாமல் பார்த்ததை அன்றுதான் எல்லோரும் கண்டார்கள்.

"நீங்க ஆரம்பிக்கறீங்களா?" என்றார் முத்தலம்மா.

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா? நீங்களே ஆரம்பிங்க," என்றார் குச்சி மனிதர்.

எடைக்கல் அவன் வாயில் விழுந்தது. அவன் என்ன நடக்கிறது என்று புரியாமல், ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இன்னொரு படம் இருக்கு," என்று சொல்லப் பார்த்தான். அதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். கீழே தள்ளினார்கள். நாற்காலிக் கால் தலையில் இறங்கியது. ஊன்றுகோல் விலாவில் இறங்கியது. ஒருவன் காலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவன் மூக்கின்மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்றான். இளசுக்காரன் களைத்தபோது முத்தல்காரன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் இடத்தை நிரப்பினான். கம்பவுண்டர் ஓடிப்போய்த் தன் உடம்பால் மைத்துனனை மூடினார். அவரை அடிக்காமல் மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். "தள்ளி இருங்க சார். உங்களுக்கு அப்புறமா வேலை இருக்கு," என்றார் பாதிக் காது மனிதர்.

மேடையில் இயக்குநர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நண்பர்களே, என்னால் பேச முடியவில்லை. நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக இரு பிரிவும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. இந்த இளைஞனுக்கு நிலையம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. அவனுக்கு உயிர் இருக்கிறதா என்று யாராவது பாருங்கள்."

இருந்தது. கம்பவுண்டர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தன் பழைய ஆஸ்பத்திரிக்கே கொண்டு ஓடினார்.

"எந்த லாரி?" என்று கேட்டான் பழைய நண்பன்.

"லாரி இல்ல. மாநாடு."

மண்டையை அவரே தைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. தாடையைக் கம்பி போட்டு இறுக்க வேண்டியிருந்தது. மூக்கு எவ்வளவு நிமிர்த்தியும் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. மனைவி வந்து பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. தம்பியின் பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பாத்துக்கச் சொன்னேனே," என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று கம்பவுண்டருக்குத் தோன்றியது.

தம்பியை வீட்டுக்குக் கூட்டி வந்தபின் இயக்குநர் பழக்கூடையோடு வந்தார். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட தலையைப் பெருமையாகத் தடவினார். "ஒரு கருத்துக்கு இவ்வளவு அடி விழுந்திருக்கிறது என்றால் அது சாதாரணக் கருத்தாக இருக்க முடியாது. ஆகவே பதப் பிரிவு என்று மூன்றாவதாக ஒரு பிரிவைத் தொடங்குகிறோம். தனிக் கட்டடம், தனி ஆட்கள். தம்பிதான் தலைவர்."

"அவன் இனிமே அந்தப் பக்கமே வரமாட்டான்," என்றாள் அக்கா.

தாடை கட்டியிருந்ததால் தம்பியால் பேச முடியவில்லை. ஆனால் தலையை ஆட்டினான், வருகிறேன் என்று. அந்த வேளையில் அவன் கண்ணில் தெரிந்தது என்னவென்று அக்காவுக்குப் புரியவில்லை. விபத்துப் பிரிவில் பல வருஷம் இருந்த கம்பவுண்டருக்குப் புரிந்தது. பதிலுக்கு அடிக்கக் காத்திருப்பவன் கண் அப்படித்தான் இருக்கும்.

புதுக் கட்டடத்துக்குக் குடிபோனதும் மைத்துனன் முதலில் கேட்டது ஜன்னலுக்கு இரும்பு வலை. இரண்டாவதாக, வாசல் பீப்பாயில் போட அவசியமில்லாத தனி ஆயுதம். மற்ற இரண்டு பிரிவுக்கும் இருக்கும்போது தங்களுக்கு மட்டும் இல்லாதது பாரபட்சம் என்றான். புல் கலக்குகிற இரும்புக் கம்பியை அனுமதித்தார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கம்பி மூன்று பேரின் முழங்கையை உடைத்தது. முதலுதவி அறையில் கட்டில் போதாமல் தரையில் படுக்கவைத்தார்கள். அவன் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறான், வேறென்ன செய்வான் என்று கம்பவுண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் மதியம் பதப் பிரிவின் உதவியாளப் பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வலதுகையைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் நாலு விரல்களும் நசுங்கி, தோல் வெந்து உரிந்து தொங்கியது.

"யாரும்மா? முத்தலா, இளசா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையசைத்தாள். "எங்க பிரிவுதான் சார். மழை பெஞ்சா பதம் சீக்கிரமே வந்துடுது, வெயில் காஞ்சா தள்ளிப் போகுது. புல்லு நாள் கணக்குப் பாக்கல. அதை அவர்கிட்ட சொன்னேன். பதம்னா ஒண்ணுதான், நான் சொன்னதுதான்னாரு. இல்ல சார்னு இன்னொரு தடவை சொன்னேன். அப்ப என் கை அடுப்புக்குள்ள இருந்துச்சு."

"அடுப்புக் கதவை யாரு மூடினது?"

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், "உங்க மச்சான்," என்றாள்.

கம்பவுண்டர் கட்டுப் போட்டு முடித்தார். கையைக் கழுவினார். நேராகப் பதப் பிரிவுக்குப் போனார். மைத்துனன் வலை போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை.

"அந்தப் பொண்ணு கையை நீயாடா..."

"உட்காருங்க மாமா," என்றான் அவன், தாலாட்டுகிற குரலில். "கருத்துப் பரிமாற்றத்துல இதெல்லாம் சகஜம். வெளியாளுங்க கேட்டா புல்லு கிழிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க."

கம்பவுண்டர் கையை ஓங்கினார். எதிரே தெரிந்த மண்டையில் அவர் போட்ட தையல் வரிசை வெள்ளையாக மின்னியது. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. தான் தைத்த இடத்தில் தானே அடிக்க அவருக்கு வரவில்லை. இறங்கி வீட்டுக்குப் போனார், மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் கேட்டு முடித்தாள். நறுக்கிக்கொண்டிருந்த காயைத் தண்ணீரில் போட்டாள். கத்தியைக் கழுவி உள்ளே வைத்தாள், கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவோமோ என்று பயந்தவள் மாதிரி. பிறகு கதவோரத்தில் நின்ற துடைப்பத்தை எடுத்தாள்.

"வாங்க," என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மைத்துனன் ஒருவனுடைய மார்பில் முழங்காலை ஊன்றி, இரும்புக் கம்பியைத் தலைக்குமேல் தூக்கியிருந்தான். சுற்றிலும் முப்பது நாற்பது பேர் உருண்டு புரண்டுகொண்டிருந்தார்கள். வாசல் பீப்பாயில் துடைப்பத்தைப் போடச் சொன்ன பியூனுக்கு முதல் அடி விழுந்தது. அவள் உள்ளே நடந்தாள். வழியில் நின்ற முத்தலம்மாவைத் தோளால் இடித்துத் தள்ளினாள். தம்பியின் தலைமுடியைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள்.

"அக்கா?" என்றான்.

முதல் அடி வாயில். இரண்டாவது கம்பி பிடித்த கையில். கம்பி விழுந்தது. அப்புறம் எண்ணுவதற்கில்லை. முதுகு, தோள், தொடை என்று கண்ட இடத்தில் விழுந்தது. துடைப்பக்கட்டை உடைந்ததும் செருப்பைக் கழற்றினாள். அவன் குனிந்து கையால் தலையை மூடிக்கொண்டான். ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. அடிக்கிறபோது அவள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "விரல்டா! அது ஒரு பொண்ணோட விரல்டா!"

அரங்கத்தில் மற்ற சண்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் ஆளை ஆள் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இத்தனை வருஷம் அடித்திருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள். அடிக்கிறவர் அழுவதை மட்டும் பார்த்ததில்லை.

இயக்குநர் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார். "மிகச் சிறப்பான வாதம்," என்றார். "அம்மா, தாங்கள் எந்தப் பிரிவு?"

"நான் இவன் அக்கா."

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவரிடம், "நாலாவது கட்டடத்துக்கு இடம் பாருங்கள்," என்றார். அந்தக் கட்டடம் யாருடைய பக்கத்தில் வருவது என்று கேட்டு முத்தலம்மா எழுந்தார், குச்சி மனிதர் ஊன்றுகோலைத் தூக்கினார்.

அக்கா அதற்குள் தம்பியைக் காதைப் பிடித்து முதலுதவி அறைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். உதவியாளப் பெண் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "பாரு," என்றாள் அக்கா. அவன் பார்க்க மறுத்தான். தாடையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டுக்குள்ளிருந்து மஞ்சளாக ஊறி வந்திருந்ததை அவன் பார்த்தான். உதடு துடித்தது. சாய்ந்த மூக்கிலிருந்து ஒழுகியது. மன்னிப்பு என்று ஆரம்பித்தவனுக்கு வார்த்தை முடியவில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். வலதுகை கட்டில் இருந்ததால் இடதுகையால் அறைந்தாள். கைப்பழக்கம் இல்லாததால் அடி பாதி கழுத்தில் விழுந்தது.

"நான் சொன்னது சரி சார்," என்றாள்.

"சரிதான்," என்றான் அவன்.

கம்பவுண்டர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அரங்கத்திலிருந்து வெளியே ஓடி வந்த இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் போனால் எங்களுக்குக் கட்டுப் போடுவது யார்?" இயக்குநரின் சட்டையில் முதன்முறையாக ஒரு சொட்டு ரத்தம் தெறித்திருந்தது. யாருடையதோ. கம்பவுண்டர் மருந்துப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கையை நல்லா கழுவிட்டுப் போடுங்க சார்," என்றார். "அது ரொம்ப முக்கியம்."

அந்தப் பெண்ணையும் சேர்த்து நாலு பேரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். வந்த வேகத்தில் கவனிக்கவில்லை, பாதையே சரியாகத் தெரியவில்லை. இந்தச் சண்டையில் எத்தனையோ மாதமாக யாரும் பாதையோரக் கட்டங்களில் புல்லை அறுக்கவே இல்லை. அது இளசையும் தாண்டி, பதத்தையும் தாண்டி, முத்தலையும் தாண்டி ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து, பூத்து, காய்ந்து, பாதையின் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தது. தண்டுகள் மூங்கில் மாதிரி இருந்தன. மாடு வாய் வைக்காது. கையால் விலக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். காய்ந்த இலைகள் முகத்திலும் கையிலும் கீறி மெல்லிய ரத்தக் கோடு போட்டன. பின்னால் அரங்கத்தில் மறுபடி ஏதோ உடைந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில், யாரோ வண்டியைத் திருப்பிய இடத்தில் புல் மிதிபட்டு மறுபடி துளிர்த்திருந்தது. மைத்துனன் நின்றான். பழக்க தோஷத்தில் குனிந்து, ஒரு இலையை மடித்து எத்தனை நாள் துளிர் என்று பார்க்கப் போனான்.

அக்கா அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

"வலிக்குதுக்கா," என்றான்.

"வலிக்கட்டும்," என்று அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.